பாய் வைத்த சொம்பு

ஸ்ரீகுமார் வீட்டு மோரிஸ் மைனருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சூடானால் துப்பும். அந்தக் காலத்து வண்டிகள் பலதும் அப்படித்தான். ரேடியேட்டரில் தண்ணீர் சூடேறிப் பொங்கினால், பொங்கியது ஒரு சின்னக் குழாய் வழியாக நடுரோட்டில் ஒழுகிப் போய்விடும். வண்டி ஆறிய பிறகு திறந்து பார்த்தால் உள்ளே அரைச்சாண் காலியாகக் கிடக்கும். மறுபடி ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தால் இஞ்சின் போய்விடும். எழுபது வருஷத்து வண்டிக்கு இஞ்சின் கேட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பான்.

அந்த வண்டியைப் பதினாறு வருஷமாக ஓட்டியவன் நல்லகாமன். கீழக்குயில்குடியிலிருந்து தினமும் காலையில் பைக்கில் கிளம்பி, டைல்ஸ் வியாபாரி ஸ்ரீகுமாரின் பங்களாவுக்கு வருவான். ஷெட்டில் நிற்கும் நான்கு பழைய வண்டிகளையும் துடைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவான். நான்கில் மோரிஸ்தான் அவனுக்கு உசத்தி. அதன் கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம் என்பதால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். முதலாளி வாடகைக்கு விடுகிறவர் இல்லை. சொந்தக்காரர், சிநேகிதர் வீட்டு விசேஷங்களுக்குப் பெருமைக்காகக் கொடுப்பார். மாப்பிள்ளை பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருக்க, முன்னால் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நல்லகாமன் ஓட்டிப் போவான். அன்றைக்கு மட்டும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

ஆனால் ஊர்வலம் என்றால் நடை வேகம். முன்னால் பேண்டு செட்காரன் நின்று நின்று வாசிப்பான், இளவட்டங்கள் ஆடும், வண்டி ஊர்ந்தாக வேண்டும். ஓடுகிற வண்டிக்குத்தான் எதிர்க்காற்று உண்டு; ஊர்கிற வண்டிக்கு ஏது? பாதி வழியில் அது துப்ப ஆரம்பித்துவிடும். நல்லகாமன் இதைக் கொண்டுபோய்ச் சொன்ன இடம், பழங்காநத்தத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த அப்துல் அலீமிடம்.

அலீம் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்துக்கொண்டார். பித்தளைத் தகட்டை வளைத்துப் பற்றவைத்து, கைக்கு அடக்கமாக ஒரு தொட்டி செய்து, பானெட்டுக்குள் ஒரு மூலையில் மாட்டினார். பார்ப்பதற்கு அசல் சொம்பு. பெயரும் சொம்பு என்றே ஆகிவிட்டது. ரேடியேட்டருக்கு வேறு மூடியும் போட்டார்.

"இனிமே துப்புனது ரோட்டுல போகாது மாப்ள. சொம்பு வாங்கி வச்சுக்கிரும். வண்டி ஆறுனதும் ரேடியேட்டரு அதைத் திருப்பி உறிஞ்சிக்கிரும். மூடியும் சொம்பும் புருசன் பொஞ்சாதி மாதிரி. ஒண்ணக் கழட்டுனா இன்னொண்ணு வேலைக்காகாது," என்றார்.

"அம்புட்டுத்தானா பாய்?"

"இன்னொண்ணு. பூ கட்டுறவெங்ககிட்டச் சொல்லிரு. வண்டி மூஞ்சிய மூடக் கூடாது. மூச்சு அங்கதான் விடுது."

மூன்று வருஷம் ஒரு தொல்லை இல்லை. எத்தனையோ மாப்பிள்ளைகள் சொட்டு வியர்வை இல்லாமல் மண்டபம் சேர்ந்தார்கள். அப்புறம் கோயம்புத்தூரில் பழைய கார் கண்காட்சி வந்தது. நடுவராக வந்தவர் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, "இது கம்பெனி கொடுத்தது இல்லையே?" என்று பித்தளைத் தொட்டியைப் பேனாவால் தட்டினார். அவ்வளவுதான், முதல் பரிசு போனது. இரண்டாம் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீகுமார் மதுரை வரைக்கும் முகம் சுளித்தபடியே வந்தார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்தார். "அந்தக் கருமத்தைக் கழட்டி எறி. பழைய மூடி டப்பாவுல இருக்கும், அதையே போடு."

"பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"வண்டி பாயோடதா, என்னோடதா?"

நல்லகாமன் கழட்டினான். அவன் கையாலேயே ஸ்பேனர் பிடித்துக் கழட்டினான். பழைய மூடியின் உள் விளிம்பு தேய்ந்திருந்தது, திருகும்போதே கைக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அந்த மாதம் இரண்டு தடவை அலீமுடன் டீக்கடையில் உட்கார்ந்தான். வெயிலைப் பற்றிப் பேசினான், பைபாஸ் ரோட்டுக் குழியைப் பற்றிப் பேசினான். சொம்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. முதலாளி வீட்டுக் காரியத்தை வெளியே சொல்லாமல் இருப்பதை அவன் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டு, அது அவனுக்கும் தெரியும்.

வைகாசியில் முதலாளியின் அக்கா ஜகதாம்பாள் வீட்டுக் கல்யாணம். பெண்ணுக்குத் தாய்மாமன் ஸ்ரீகுமார்தான் என்பதால் மாப்பிள்ளை அழைப்பு வண்டி அவர் பொறுப்பு. பிள்ளையார் கோயிலில் கிளம்பி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மண்டபத்துக்குப் போக வேண்டும். நல்லகாமன் மத்தியானமே வண்டியைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தான். பூக்காரர்கள் வந்தார்கள். பானெட்டில் ரோஜா, பக்கவாட்டில் செவ்வந்தி என்று கட்டினார்கள். முன்பக்கக் கம்பிச் சட்டத்தை மட்டும் விடச் சொன்னான், விட்டார்கள்.

ஐந்தரை மணிக்குப் பட்டுப் புடவை சரசரக்க ஜகதாம்பாள் வந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்னப்பா இது, மூஞ்சி மூளியா இருக்கு?"

"காத்துப் போகணும்மா. மூடுனா சூடாயிரும்."

"கல்யாண வண்டி மூளியாவா வரும்? சம்பந்தி வீட்டுல பாத்தா என்ன நினைப்பாங்க? நல்ல காரியம்ப்பா."

மூளி என்ற சொல்லைக் கேட்ட பிறகு கல்யாண வீட்டில் யார் வாதாடுவார்கள்? காது, கழுத்து, வாசற்படி எதுவும் அன்றைக்கு வெறுமையாக இருக்கக் கூடாது. நல்லகாமன் முதலாளியைப் பார்த்தான். அவர் போனில் பேசிக்கொண்டே, "ஒண்ணரைக் கிலோமீட்டர்தானே, அக்கா சொல்றபடி செய்," என்று கையசைத்தார். மல்லிகைப் படுதா ஒன்றை, கை நுழைய இடமில்லாத நெருக்கத்தில், வண்டியின் முகத்தில் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முக்கால் கிலோமீட்டர் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. பூவும் வெந்து, வாசனையும் வேறு மாதிரி வரத் தொடங்கியது. தண்ணீர் ரோட்டில் ஒழுகுகிற சத்தம் பேண்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, நல்லகாமனுக்கு மட்டும் கேட்டது. பிறகு பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. வண்டியை ஓரம் கட்டினான். மாப்பிள்ளையின் தங்கை ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஸ்ரீகுமார் பார்த்துவிட்டார்.

"என்ன ஆச்சு? தொறந்து தண்ணியை ஊத்து."

"ஒரு அரைமணி நேரம் ஆறட்டும் சார். இப்பத் தொறந்தா அடிச்சிரும்."

"அரைமணி நேரமா? ஏழு மணிக்குள்ள மாப்பிள்ளை மண்டபத்துல கால் வைக்கணும். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, மானம் போகுது. தொறடா."

நல்லகாமன் தோள் துண்டை நனைத்து நான்காக மடித்தான். முகத்தை ஒதுக்கிக்கொண்டு மூடியைத் திருகினான். நல்ல மூடியாக இருந்தால் பாதித் திருகலில் ஒரு தடை இருக்கும். அங்கே நிறுத்தினால் ஆவி சீறிப் போய்விடும், ஆளுக்கு ஆபத்து இல்லை. இந்த மூடியில் அந்தத் தடை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. மூடி ஒரேயடியாகக் கையை விட்டுக் கிளம்பியது. பின்னாலேயே கொதிநீர், அவன் உயரத்துக்கு.

மாப்பிள்ளையை ஒரு இன்னோவாவில் ஏற்றி, ஏழு மணிக்குள் மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள். பேண்டு செட் ஐந்து நிமிஷம்தான் நின்றது. நல்லகாமனை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் பூக்காரர்கள்.

வலது கன்னம், கழுத்து, வலது கை எல்லாம் வெந்துவிட்டன. முதல் இரண்டு நாள் அவனுக்கு நினைவே சரியாக இல்லை. மூன்றாம் நாள் தெளிந்தபோது வலது கண்ணில் கட்டு இருந்தது. கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பக்கத்தில் அவன் மனைவி மலையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவருக்குக் கண்ணைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது?

அன்று சாயங்காலம் ஸ்ரீகுமார் வந்தார். ஆப்பிள் பை ஒன்றை மலையம்மாளிடம் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி நெருங்கி உட்கார்ந்து அவர் பேசியது பதினாறு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

"நல்லகாமா, கண்ணுக்கு இங்க வச்சிருந்தா சரிப்படாது. தனியா கண்ணாஸ்பத்திரியில பேசிட்டேன். நாளைக்கே மாத்திரலாம். எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கிறேன். வேலையும் உனக்குத்தான், எங்கயும் போகாது."

"சரிங்க சார்."

"காலையில போலீஸ் வரும். தீக்காயம்னா வாக்குமூலம் வாங்கணுமாம். மூடி தானா தெறிச்சுச்சுன்னு சொல்லிரு. மூடி போட்டது அந்தப் பாய்தானே?"

நல்லகாமன் ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தான். "பாய் போட்ட மூடியக் கழட்டிட்டமே சார். அன்னைக்கு இருந்தது பழசு."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்," என்றார் ஸ்ரீகுமார். "நான் தொறக்கச் சொன்னேன்னு எழுதுனா கேஸ் என் மேல வரும். கேஸ்னு ஆயிட்டா என் கை கட்டிப் போயிரும், உன் கண்ணை யாரு பாக்குறது? யோசிச்சுக்க." எழுந்து போகும்போது அவன் நல்ல கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவன் யோசித்தான். அலீம் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி விசாரிக்கிற மனுஷன். ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் கீழக்குயில்குடி வரைக்கும் வரும். அந்த மனுஷன் பெயரை எப்படிச் சொல்வது? மலையம்மாளிடம் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"பாய்க்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருக்கு," என்றாள் அவள். "கேசு கீசுன்னு அலைஞ்சாலும் அலைஞ்சிட்டுப் போறாரு. கண்ணு போனா நம்மள எவன் சீண்டுவான்? நம்ம மக ரோகிணிக்கு இன்னும் ரெண்டு வருசப் படிப்பு இருக்கு. சொல்லுங்க."

காலையில் போலீஸ்காரர் அட்டையில் காகிதம் சொருகிக்கொண்டு வந்தார்.

"மூடிய நீதானப்பா தொறந்த?"

"பக்கத்துல போனேன் சார். அதுவாத் தெறிச்சுச்சு."

"மூடி யார் போட்டது?"

நல்லகாமன் வாசல் பக்கம் பார்த்தான். வராந்தாவில் ஸ்ரீகுமாரின் மேனேஜர் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"பழங்காநத்தத்துல... பட்டறை வச்சிருக்காரு. அப்துல் அலீம்."

"பாயா?" என்றார் போலீஸ்காரர். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஏதாவது பெயராக இருந்திருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பாரோ என்னவோ. எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். வலது கை கட்டுக்குள் இருந்ததால், கையெழுத்துப் போடத் தெரிந்த நல்லகாமன் இடது கட்டைவிரலால் கைநாட்டு வைத்தான். மலையம்மாள் அந்த விரலின் மையைத் தன் சேலையிலேயே துடைத்துவிட்டாள்.

ஸ்ரீகுமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாஸ்பத்திரியில் நல்ல டாக்டர், நல்ல மருந்து. ஏழு வாரத்தில் பார்வை திரும்பிவிட்டது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் நல்லகாமன் படித்துக் காட்டினான். கண் பிழைத்தது, முகம் பிழைக்கவில்லை. வலது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் வெளுப்பும் சிவப்புமாகச் சுருங்கி, உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அலீமைப் பற்றிச் செய்தி வந்துகொண்டிருந்தது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மூன்று நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்களாம். நான்காம் தடவை பட்டறைக்கே ஜீப் வந்ததாம். கட்டடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். டீக்கடைக்காரர் இதையெல்லாம் போனில் சொன்னபோது நல்லகாமன், "அப்படியாண்ணே, அடப் பாவமே," என்றான். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு தன் குரலை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. போய் எந்த முகத்தைக் காட்டுவது என்று நினைத்தான். வெந்த முகத்தையா, துரோகம் செய்த முகத்தையா, எதை மனதில் வைத்து அப்படி நினைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஆவணி முதல் தேதி வேலைக்குப் போனான். ஷெட்டில் மோரிஸ் பளபளவென்று நின்றது. பானெட்டுக்குள் பார்த்தான். புது மெக்கானிக் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு தொட்டி மாட்டியிருந்தார். அதே வேலையைச் செய்கிற தொட்டிதான், இரண்டே ஸ்குரூ. கண்காட்சிக்குப் போகும்போது கழட்டிவிட்டுத் திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாமாம். இவ்வளவுதான் விஷயம். இதை அன்றைக்கே யாராவது யோசித்திருந்தால் ஒரு முகமும் ஒரு பட்டறையும் மிஞ்சியிருக்கும்.

வெள்ளைச் சட்டையும் தொப்பியும் ஆணியில் இல்லை. வேறு ஒருத்தன் போட்டுக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்ரீகுமார் வந்தார். நல்லகாமனின் முகத்தைப் பார்க்காமல், அவன் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்.

"நீ குடோனுக்குப் போயிரு நல்லகாமா. வாட்ச்மேன் வேலை, உக்காந்துக்கிட்டே பாக்கலாம்."

"கண்ணு நல்லாத் தெரியுது சார். டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்காரு."

"அதுக்கு இல்லப்பா. கல்யாணத்துக்குப் போற வண்டி. மாப்பிள்ளைக்கு முன்னாடி உக்காந்து வரணும். போட்டோ எடுப்பாங்க, வீடியோ எடுப்பாங்க. அக்காவே சங்கடப்பட்டாங்க. புரிஞ்சுக்க."

நல்லகாமன் புரிந்துகொண்டான். கோபம் வந்தது, ஆனால் அந்தக் கோபத்தை வைக்க இடம் இல்லை. முதலாளி மேல் வைத்தால் குடோன் வேலையும் போகும். கைநாட்டு வைத்த விரல் தன்னுடையது. பைக்கை எடுத்துக்கொண்டு பழங்காநத்தம் போனான். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. அலீம் எங்கே என்று கேட்டான். பரவையில் யாரோ ஒருவரின் லாரி ரேடியேட்டர் கடையில் கூலிக்கு இருக்கிறார் என்றார்கள். வீடு தெரியும், காஜிமார் தெரு. நேரே அங்கே போனான். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், ஸ்டேஷனுக்கு வந்து மாற்றி எழுதிக் கொடுக்கவும் தயார் என்று சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். இழக்க ஒன்றும் இல்லாதபோது நியாயம் எவ்வளவு சுலபமாக வருகிறது.

கதவைத் திறந்தவள் அலீமின் மனைவி அஜ்மல் பீவி. அவன் முகத்தைப் பார்த்ததும் கை தானாகத் தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டது. உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"அவுக பரவைக்குப் போயிருக்காக. ராத்திரி வருவாக."

"தங்கச்சி, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்ண்ணே. ஸ்டேசன்ல படிச்சுக் காமிச்சாக."

"முதலாளி சொல்லச் சொன்னாரு தங்கச்சி. என் கண்ணு போயிருமுன்னு பயந்து..."

"உங்க மொதலாளி மொதல்ல இங்கதான் வந்தாரு," என்றாள் அஜ்மல் பீவி. குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க நெனவு இல்லாமக் கெடந்தீகளே, அந்த ரெண்டாம் நாளு. இந்தா, இந்தப் படியிலதான் நின்னாரு. டிரைவரு அன்னைக்குத் தண்ணி போட்டுருந்தான், வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல அவனாத்தான் தொறந்தான்னு நீங்களும் ஊர்வலத்துல நின்னு பாத்த மாதிரி ஒரு வார்த்தை போலீசுல சொல்லிருங்க பாய்னாரு. நாலு வண்டி வேலையும் காலத்துக்கும் உங்களுக்குத்தான்னாரு."

நல்லகாமன் குனிந்து அந்தப் படியைப் பார்த்தான்.

"பாய் என்ன சொன்னாரு?"

"அவன் கண்ணு இருக்குமா போகுமான்னு கெடக்கான், அவன் சோத்துல நான் மண்ணள்ளிப் போட மாட்டேன், போயிருங்கன்னுட்டாக. அதுக்கு அப்புறந்தான் அவரு உங்ககிட்ட வந்திருக்காரு."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஸ்டேசன்ல இருந்து வந்த அன்னைக்கும், நல்லகாமனுக்குக் கண்ணு எப்படி இருக்குன்னு போயிக் கேட்டுட்டு வா, நான் போனா அவன் சங்கடப்படுவான்னு சொன்னாக. நான்தான் போகல. எனக்கு மனசு வரல." பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிடுகிறவள் போலக் கேட்டாள். "இப்பத் தெரியுதா?"

"தெரியுது," என்றான் நல்லகாமன்.

"அவுக வந்தாச் சொல்லிர்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.